பாட்டும் பயனும்: இலங்கை வகுப்பறையில் சமயப் பாடமும் டிஜிட்டல் ஊடகமும்

இலங்கையில் சமயம் விருப்பப் பாடம் அல்ல. தரம் 1இல் பாடசாலைக்குள் நுழையும் பிள்ளை தரம் 11 வரை அதைப் படித்தாக வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகியவற்றுடன் சமயமும் கட்டாயப் பாடம். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்ற ஐந்தில் தன் குடும்பத்தின் சமயம் எதுவோ அதைப் பிள்ளை படிக்கிறது. பாடத்திட்டத்தை மஹரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கிறது. பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிட்டு இலவசமாகத் தருகிறது. இது போதாதென்று அறநெறிப் பாடசாலைகளும் உண்டு. ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்திலேயே பல நடக்கின்றன.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதாக இருக்கலாம். இந்திய அரசியலமைப்பின் 28ஆவது உறுப்பு, முழுக்க அரச நிதியில் நடக்கும் கல்வி நிறுவனங்களில் சமய போதனையை அனுமதிப்பதில்லை. பாக்கு நீரிணையின் இந்தக் கரையிலோ தேவாரமும் திருவாசகமும் அரசாங்கப் பரீட்சை வினாத்தாளில் வருகின்றன. எனவே, சமயத்தைக் கற்பிக்க டிஜிட்டல் ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வி இங்கே ஆர்வமுள்ள சில ஆசிரியர்களோடு நின்றுவிடுவதில்லை. நாட்டின் ஒவ்வொரு பிள்ளையின் நேரசூசியையும் அது தொடுகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தக் கேள்வி ஒரே வாரத்தில் எல்லா ஆசிரியர்களின் வாசலுக்கும் வந்தது. வகுப்புகள் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சூம் திரைக்கும் நகர்ந்தன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடநூல்களும் பயிற்சிகளும் மும்மொழியிலும் கிடைத்தன. சமயப் பாடத்துக்கு அப்போது திரையில் ஏறியவை எவை என்று பார்த்தால் மனம் சோர்கிறது: கையால் எழுதிப் படம் பிடித்த குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், அவற்றின் விடைகள், வெண்பலகை முன் நின்று ஒருவர் ஒரு மணிநேரம் பேசும் காணொளிகள். ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் அவகாசமும் இல்லாமல், தங்கள் சொந்தப் பணத்தில் டேட்டா வாங்கி, அவர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். ஆனால் பாடசாலைகள் திறந்து ஆண்டுகள் கடந்த பிறகும் அந்தப் பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. கொப்பியில் இருந்த குறிப்பு கைபேசிக்கு வந்திருக்கிறது. பாடம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

டிஜிட்டல் ஊடகம் சமயப் பாடத்துக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. அச்சு வந்தபோது வகுப்பறையை விட்டு வெளியேறிய ஒலியையும் இடத்தையும் உருவத்தையும் அது திரும்பக் கொண்டுவரலாம். பிள்ளை பார்வையாளராக மட்டும் இராமல் தானே பாடி, பேசி, வரைந்து பதிவுசெய்யும்போதுதான் அது நடக்கும். இதை விளங்கிக்கொள்ள அச்சு வந்த கதைக்குச் சற்றுத் திரும்ப வேண்டும்.

தமிழில் அச்சு சமய வகுப்பின் வழியாகவே நுழைந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’, 1578இல் கொல்லத்தில் அன்றீக்கு அடிகளார் வெளியிட்ட கிறிஸ்தவப் போதனை நூல். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர் சீகன்பால்கு சில ஆண்டுகளில் அச்சகத்தை நிறுவியதும் அதே நோக்கத்துக்காகத்தான். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் காலூன்றியது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1834இல் மானிப்பாயில் அச்சகம், 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை என்று அது வளர்ந்தது. வீடு வீடாகத் துண்டுப் பிரசுரங்கள் போய்ச் சேர்ந்தன.

நல்லூரில் 1822இல் பிறந்த சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் இந்தச் சூழலில்தான் உருவானார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த அவர், எதிர்த்தரப்பின் கருவிகள் எவ்வளவு வலிமையானவை என்பதை உள்ளிருந்தே கண்டவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கிவந்தார். பாலபாடங்கள் அச்சாயின; பெரியபுராணம் 1852இல் வசனமாக வந்தது; பிறகு சைவ வினாவிடை. “உலகத்துக்குக் கருத்தா யாவர்? சிவபெருமான்” என்று தொடங்கும் அந்தச் சின்ன நூலின் அமைப்பு, கிறிஸ்தவ ஞானோபதேச நூல்களின் கேள்வி-பதில் முறைதான். கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை மாலையில் அவர் நடத்திய பிரசங்கமும் அப்படி வந்ததே.

நாவலர் செய்தது பெரிய காரியம். ஏட்டுச்சுவடியை வைத்திருந்த சிலரை நாடிப் போக வேண்டியிருந்த கல்வியைச் சாதாரணப் பிள்ளையின் கையில் கொடுத்தார். ஆனால் அச்சுக்கு ஓர் இயல்பு உண்டு. அது சொல்லைத் தாங்கும், பண் என்னும் இசையைத் தாங்காது. கேள்வி-பதில் மனனத்துக்கு ஏற்ற வடிவம். பரீட்சைக்கு இன்னும் ஏற்ற வடிவம். பின்னாளில் சமயம் அரசாங்கப் பரீட்சைப் பாடமானபோது வினாவிடையே அதன் முதுகெலும்பாகிவிட்டது. நாவலர் வினாவிடையோடு நிறுத்தவில்லை. பிரசங்கமும், புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லும் புராண படனமும் பக்கத்திலேயே நடந்தன. நாம் வினாவிடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஒரு பாடலை எடுத்துப் பார்ப்போம். தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் இலங்கையில் உள்ளவை இரண்டு: திருக்கோணேச்சரம், திருக்கேதீச்சரம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கடலைக் கடக்காமல் இராமேசுவரத்தில் நின்றபடியே இந்த இரண்டு தலங்களையும் பாடினார் என்பது மரபு. கோணேச்சரப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. அதன் முதற்பாட்டு பழைய பதிப்புகளில் இப்படித் தொடங்கும்:

நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும்

சீர் பிரித்து அச்சிட்ட இந்த வரியைத் தரம் 8 பிள்ளை ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ‘கழ’ என்றும் ‘லரவஞ்’ என்றும் நாக்கு தடுமாறும். அதையே “நிரை கழல் அரவம் சிலம்பு ஒலி அலம்பும்” என்று சொல் பிரித்துக் காட்டினால் கழலின் ஆரவாரமும் சிலம்பின் ஓசையும் உடனே புலப்படும். திரையில் இரண்டு வடிவங்களையும் வைத்து, ஒரு தொடுகையில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறச் செய்வது எந்த ஆசிரியரும் இரண்டு ஸ்லைடுகளில் செய்துவிடக்கூடிய வேலை. யாப்பு எங்கே நிற்கிறது, பொருள் எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளை கண்ணால் காணும். ஒரே பக்கத்தில் இரண்டையும் அச்சிடப் பாடநூலில் இடம் போதாது.

அடுத்தது பண். பாட்டின் தலைப்பில் ‘பண்: புறநீர்மை’ என்று இருக்கும். பிள்ளை அதை மனனம் செய்யும். பரீட்சையில் கேட்டால் சரியாக எழுதும். ஆனால் புறநீர்மை எப்படி ஒலிக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. இசையின் பெயரை மட்டும் படித்து இசையைக் கேளாமலே ஒரு தலைமுறை தேறிப் போகிறது என்பதைப் போல இந்தப் பாடத்தில் என்னை வருத்துவது வேறில்லை. கேட்க வழியில்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று தருமபுரம் ஆதீனத்தின் தேவார இணையதளத்தில் பன்னிரு திருமுறைகளும் பொழிப்புரையோடு, பாடல்களை ஓதுவார் பாடிய ஒலிப்பதிவுகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கேட்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சி மூலபாடத்தைத் தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் 2007இல் வெளியிட்ட டிஜிட்டல் தேவாரத்தில் தலங்களின் வரைபடங்கள்கூட உண்டு. வகுப்பில் ஒரு சிறிய புளூடூத் ஒலிபெருக்கி இருந்தால் போதும், இவ்வளவும் உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது, இடம். அதே பாட்டு “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை அமர்ந்தாரே” என்று முடிகிறது. ஆர்ப்பரிக்கும் கடலலை முத்தை வாரிக்கொண்டுவந்து ஒதுக்கும் மலை. கூகுள் எர்த்தில் திருகோணமலையைத் திறந்தால் கடலுக்குள் நீண்டு செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறையைப் பிள்ளைகள் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கலாம். அங்கிருந்து கதை விரிகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அதே முனையில் கோட்டை எழுந்தது. 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது பழைய திருமேனிகள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடியில் மூழ்கிக் கடலுக்குள் கிடந்த கற்தூண்களையும் சிற்பவேலை கொண்ட கற்களையும் கண்டார்கள். ஒரு பதிகத்தில் தொடங்கிய பாடவேளை வரலாற்றுக்கும் புவியியலுக்கும் போய்த் திரும்புகிறது. இதற்குப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றித் திருகோணமலைக்கு அழைத்துப் போக முடிந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. நுவரெலியாத் தோட்டப் பாடசாலைக்கு அது எப்போதும் முடிகிற காரியம் அல்ல.

உருவத்துக்கு வருவோம். சைவம் தன் தத்துவத்தைச் செப்பில் வார்த்து வைத்திருக்கிறது. மெய்கண்ட சாத்திரங்களில் ஒன்றான உண்மை விளக்கம், நடராசர் திருவுருவத்தைப் படிக்கவே கற்றுத்தருகிறது. உடுக்கையில் படைத்தல், அமைத்த கரத்தில் காத்தல், ஏந்திய தீயில் அழித்தல், ஊன்றிய திருவடியில் மறைத்தல், தூக்கிய திருவடியில் அருளல். ஐந்தொழில் முழுவதும் ஒரே உருவத்தில் அடங்கியிருக்கிறது. பாடநூலில் இது ஒரு சிறிய படமும் ஐந்து வரிப் பட்டியலுமாக வந்துபோகிறது. படத்தைத் திரையில் பெரிதாக்கி ஒவ்வொரு கரமாக நின்று நிதானித்துப் பார்க்கலாம். திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகனின் முகத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தான் எடுத்துக்கொண்ட கரத்துக்கு அரை நிமிடம் விளக்கம் சொல்லிப் பதிவுசெய்யலாம். களிமண்ணில் செய்தாலும் சரியே. கரங்கள் எங்கே முளைக்கின்றன என்று தெரியாமல் செய்ய முடியாது என்பதால் களிமண் சில வேளை கணினியைவிட நன்றாகக் கற்பிக்கும். பாடசாலை வாணி விழாவில் அந்த உருவங்களைக் காட்சிக்கு வைத்து, ஒவ்வொன்றின் கீழும் பிள்ளையின் குரலுக்கு இட்டுச்செல்லும் கியூஆர் குறியீட்டை ஒட்டலாம்.

இதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. படத்தை இடவலமாகத் திருப்பும் ஒரு பொத்தானைத் தெரியாமல் அழுத்தினால் தூக்கிய இடது திருவடி வலதாகிவிடும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் நடராசரை வரையச் சொன்னால் உடுக்கையும் தீயும் கை மாறுவதும், ஐந்தாவது கரம் ஒன்று எட்டிப் பார்ப்பதும், முயலகன் காணாமற்போவதும் நடக்கிறது. பளபளப்பான படம் என்பதால் அப்படியே வகுப்புக்குப் போய்விடுகிறது. உடுக்கை கை மாறினால் தத்துவமே கை மாறுகிறது. இதைத் தவிர்ப்பதோடு நிறுத்தாமல் பாடமாகவும் ஆக்கலாம். பிழையான படத்தைத் திரையிட்டு ‘இதில் எங்கே தவறு?’ என்று கேட்டால், சரியான பட்டியலை பத்து முறை மனனம் செய்வதைவிட ஆழமாகப் பதியும். கூடவே மதுரை வெள்ளியம்பலத்தைக் காட்ட வேண்டும். அங்கே இறைவன் வலது திருவடியைத் தூக்கித்தான் ஆடுகிறார். அது பிழையல்ல, அந்தத் தலத்தின் கதை. பிழை எது, மரபின் வேறுபாடு எது என்று பிரித்தறிய ஆசிரியர் வேண்டும். பாடல்களிலும் இந்தக் கவனம் தேவை. உரையாடும் செயலிகளிடம் தேவாரம் கேட்டால், இல்லாத பாட்டைக்கூடச் சம்பந்தர் பெயரில் கட்டித் தரும். திருமுறைத் தளத்தில் ஒப்பிட்டுப் பாராமல் எதையும் பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடாது.

பிள்ளை தானே செய்வதற்கு வெளியே எங்கும் மாதிரி தேட வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கோயில்களில் கந்தபுராண படனம் என்று ஒரு மரபு உண்டு. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாண வாழ்க்கை முறைக்கே ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பெயர் சூட்டும் அளவுக்கு அது ஊறியிருந்தது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். இன்னொருவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். சூழ இருப்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இருப்பார்கள். வாசிப்பு பிசகினாலோ பயன் தவறினாலோ அங்கேயே திருத்திவிடுவார்கள். ஒலி, பொருள், விமர்சனம் மூன்றும் ஒரே அமர்வில் நடக்கும் முழுமையான கற்பித்தல் முறை இது. கல்வியியல் பாடநெறிகளில் இணைந்து கற்றல், சகபாடி மதிப்பீடு என்றெல்லாம் படிக்கும் ஆசிரிய மாணவர்களுக்கு இதை உதாரணமாகக் காட்டாமல் விடுவது நமக்குத்தான் இழப்பு.

இதை அப்படியே கைபேசிக்குக் கொண்டுவரலாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு. ஓதுவாரின் பதிவை இருவரும் பல முறை கேட்கிறார்கள். ஒருவர் சொல் பிரித்துப் பாடப் பழகுகிறார். மற்றவர் பயன் சொல்லப் பழகுகிறார். பயன் பாடநூலின் வசனமாக இருக்கக்கூடாது, வீட்டில் தங்கைக்குச் சொல்வது போல இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. “நித்திலம் என்றால் முத்து. கடலலை முத்தைக் கொண்டுவந்து மலையடியில் தள்ளுதாம். அந்த மலையில்தான் சுவாமி இருக்கிறார்” என்று ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு அதற்குச் சொந்தமாகிவிடும். மூன்று நிமிடத்துக்குள் குரல்பதிவு. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டால் வேறொரு சோடி அதைக் கேட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். அடுத்த பாடவேளையில் ஆசிரியர் அந்தக் கேள்விகளில் இருந்து தொடங்குகிறார். அடுத்த தவணையில் அந்தச் சோடிகள் இடம் மாறலாம்.

நான் குரலையே வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காணொளிக்கு டேட்டா வேண்டும், நல்ல கைபேசி வேண்டும். குரல்பதிவு மிகச் சிறிய கோப்பு; பழைய கைபேசியிலும் ஓடும். முடக்க காலத்தில் சிக்னல் தேடி மரத்திலும் மலையுச்சியிலும் ஏறியிருந்த பிள்ளைகளின் படங்கள் உலகச் செய்திகளிலேயே வந்தன. மலையகத்தில் அந்த நிலை முற்றாக மாறிவிடவில்லை. பல வீடுகளில் ஒரே கைபேசிதான்; அது அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வரும்வரை வீட்டில் இருக்காது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாட்டு என்று வகுத்தால் இருவரில் ஒருவர் வீட்டில் கருவி இருந்தாலே வேலை நடக்கும். எவருக்கும் இல்லையென்றால் பாடசாலையிலேயே ஆசிரியரின் கைபேசியில் பதியலாம். கணினி கூடத்தைத் திறப்பதற்கு அதிபரின் அனுமதிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

சைவத்துக்கு மட்டும் உரியது அல்ல இது. கத்தோலிக்கத் தமிழர்களிடம் நாட்டுக்கூத்தும், இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்குவும் சமயக் கல்வியாகவே வளர்ந்தவை. மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சியைப் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் பெருமேடையில் நிகழ்த்தியது. ஊதாரி மைந்தன் உவமையை நாலு குரல்களில் ஒலி நாடகமாகச் செய்யும் வகுப்பு அந்த மரபின் பிள்ளைதான். முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பூமிப்பந்தும் ஒரு நூலும் போதும். கொழும்பிலிருந்து மக்காவுக்கு நூலைப் பிடித்தால் மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்து போகும் திசை தெரியும். கிப்லா எனும் தொழுகைத் திசையைச் சொல்லும் கைபேசிச் செயலி காட்டும் திசையோடு அதை ஒப்பிட்டு, ஏன் அப்படி என்று பிள்ளையே கண்டுபிடிக்கலாம். பிறை பார்த்து மாதம் தொடங்குவதை, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் மாலை மாலையாக ஓட்டிப் பார்க்கலாம். நபிமாரை உருவமாக வரைவதில்லை என்ற வரம்பு இருப்பதால் அங்கே படைப்பாற்றல் எழுத்தணிக்கும் வடிவக்கணிதக் கோலங்களுக்கும் போகிறது. வரம்பை மதித்துப் படைப்பது எப்படி என்று கற்பதும் சமயக் கல்விதான். சைவக் கோயிலிலும் மூலஸ்தானத்தைப் படம் பிடிப்பதில்லை. கமராவைக் கையில் கொடுக்கும்போதே இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சமய பாடவேளை வந்தால் கலப்புப் பாடசாலையில் பிள்ளைகள் பிரிந்து போகிறார்கள். சைவப் பிள்ளைகள் ஒரு அறைக்கு, கத்தோலிக்கர் இன்னொன்றுக்கு, முஸ்லிம்கள் மற்றொன்றுக்கு. பக்கத்துக் கதிரைத் தோழி எதை எப்படி வணங்குகிறாள் என்பதைப் பதினோரு ஆண்டுகளிலும் பாடசாலை ஒரு தடவைகூடச் சொல்லித்தராமல் விட்டுவிடலாம். அந்த வெற்றிடத்தைக் கைபேசி நிரப்புகிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது வெறுப்புப் பதிவுகள் முகநூலில் காட்டுத்தீயாகப் பரவின. அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாள்கள் முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வைத்தவர்களின் தலைவர், அதற்கு முன்பே தன் பிரசங்கங்களைத் தமிழில் காணொளிகளாகப் பரப்பிவந்தவர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் அன்று கொல்லப்பட்டவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இதை எழுதக் கை தயங்குகிறது; எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. டிஜிட்டல் ஊடகம் சமயப் பாடத்துக்குள் வரலாமா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில், அது வகுப்பறைக்கு வெளியே சமயத்தைக் கற்பித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு காணொளியைப் பார்த்ததும் யார் பேசுகிறார், எப்போது, எந்த நூலை மேற்கோள் காட்டுகிறார், அந்த மேற்கோள் உண்மையா, யாரை வெறுக்கச் சொல்கிறார் என்று கேட்கும் பழக்கத்தைத் தகவல் தொழினுட்ப ஆசிரியர் தனியே கற்பிக்க முடியாது. மேற்கோள் உண்மையா என்று சொல்லச் சமய ஆசிரியர் வேண்டும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே அரச பாடசாலைச் சமயக் கல்வி ஒரே வகுப்பில் பல சமயங்களை அறியத் தருவது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவத்துக்கு முதன்மை தந்தாலும் நாட்டின் ஏனைய முதன்மைச் சமயங்களையும் பாடத்திட்டம் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. அங்குள்ள சமயக் கல்வி ஆசிரியர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கலைப் போட்டி நடத்துகிறது. ‘கடவுள் எங்கே?’ என்பது அதில் அடிக்கடி வரும் தலைப்பு. பிள்ளை வரைந்தால் மட்டும் போதாது, ஏன் அப்படி வரைந்தேன் என்று எழுதவும் வேண்டும். அந்த அமைப்பை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் சமயத்தில் ஆழ்ந்து வளரும் உரிமை இங்குள்ள பிள்ளைக்கு இருக்கிறது. தமிழ்ச் சமூகங்கள் அதைப் போராடிப் பெற்றவை. ஆனால் மூன்று அறைகளிலும் செய்த குரல்பதிவுகளைத் தவணைக்கு ஒரு நாள் ஒரே மண்டபத்தில் எல்லோரும் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. சைவப் பிள்ளை பாடிய பதிகத்தை முஸ்லிம் பிள்ளை கேட்கட்டும். அவர் கிப்லாவைக் கண்டுபிடித்த விதத்தை இவர் கேட்கட்டும்.

இவ்வளவுக்கும் குறுக்கே நிற்பது பரீட்சை. சாதாரண தர வினாத்தாளில் பல்தேர்வும் கட்டுரையும்தான். பாடத் தெரியுமா என்று அது கேட்பதில்லை. ஆசிரியர் எவ்வளவு ஆர்வத்தோடு ஒலிப்பதிவு வேலையைத் தொடங்கினாலும் தரம் 10 வந்ததும் பெற்றோர் “பாஸ் பேப்பர் எப்போது செய்விப்பீர்கள்?” என்று கேட்பார்கள், ரியூசன் வகுப்பில் குறிப்பு கிடைக்கும். அந்தப் பெற்றோரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் எதிர்காலம் அந்தத் தாளில் இருக்கிறது. வழி ஏற்கெனவே கட்டமைப்புக்குள் இருக்கிறது: பாடசாலை மட்டக் கணிப்பீடு. ஆண்டு முழுவதும் வகுப்பில் செய்யும் வேலைக்கு ஆசிரியர் புள்ளியிட அது இடம் தருகிறது. பாட்டும் பயனும் குரல்பதிவை அதில் ஒரு கணிப்பீடாக வலயக் கல்வி அலுவலகத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் ஏற்றுக்கொண்டால் நிலைமை மாறத் தொடங்கும். தரம் 6 முதல் 9 வரையாவது இதைத் தாராளமாகச் செய்யலாம். அங்கே பொதுப் பரீட்சை என்ற நெருக்கடி இல்லை.

அறநெறிப் பாடசாலைகளுக்கு அந்தத் தடையும் கிடையாது. கோயிலில் பூசை முடிந்ததும் பஞ்சபுராணம் ஓதுவது இலங்கைச் சைவர் வழக்கம்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம். ஊருக்கு ஊர் அதைப் பல ஆண்டுகளாகப் பாடிவரும் பெரியவர் ஒருவர் இருப்பார். பண்ணைப் புத்தகத்தில் படித்தவர் அல்லர், தகப்பனிடம் கேட்டவர். அவர் பாடுவதும், சொல்லும் பயனும், அந்தக் கோயிலுக்கே உரிய ஊஞ்சற்பாட்டும் பல இடங்களில் எங்கும் பதிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் கைபேசியோடு அவர் முன் உட்காரட்டும். பெயர், ஊர், கோயில், பாடிய திகதி ஆகியவற்றைக் குறித்து, அவருடைய சம்மதத்தோடு பதியட்டும்.

பதிந்ததை எங்கே வைப்பது என்பதற்கும் இடம் உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களோடும் இதழ்களோடும் கோயில் மலர்களையும் ஒலிப்பதிவுகளையும் சேர்த்துப் பேணுகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்குப் பிரதி எடுத்து வைப்பதன் அவசியத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. கோயில் பரிபாலன சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டுத் திருவிழாவில் ஒரு நாள் உபயத்தின் சிறு பங்கை எடுத்து அறநெறிப் பாடசாலைக்கு ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கிக் கொடுங்கள். பாடத் தெரிந்தவர்கள் எண்பது வயதில் இருக்கிறார்கள்.